பெட்ரோல் தீர்ந்த பிறகும் ஓடிய இரண்டு கிலோமீட்டர்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் மார்கரெட் என்ற அம்மா தன் காரை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவியை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த வண்டிக்குள் பேய் இருக்கிறது" என்றார்.

நான் ஆக்லாந்தில் ஹைபிரிட் கார்களைப் பழுது பார்க்கிறவன். பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. ஹைபிரிட் என்றால் ஒரே வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், கரண்ட் மோட்டாரும் இருக்கும். மார்கரெட்டின் வண்டி வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளும் வகை. அவர் போவது கடைக்கும் சர்ச்சுக்கும் மட்டும் என்பதால் பாட்டரியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது பாட்டரி முழுசாக இருக்கும்போதே எஞ்சின் தானாகக் கிளம்பி உறுமுகிறதாம்.

பேய் இல்லை என்று விளக்கினேன். பெட்ரோல் ரொம்ப நாள் கிடந்தால் கெட்டுப்போகும். அது வண்டிக்கே தெரியும். அதனால் பழைய பெட்ரோலை எரித்துத் தீர்க்க அவ்வப்போது தானே எஞ்சினை ஓட்டிக்கொள்ளும். பெட்ரோல் மூடியைத் திறக்க ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்றும் கேட்டார். சாதாரணக் காரில் டேங்கில் எழும் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். இந்த வண்டியில் எஞ்சின் ஓடுவதே அபூர்வம். ஆகவே டேங்கையே பிரஷர் குக்கர் மாதிரி இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் முதலில் ஆவி அடங்கும், பிறகுதான் மூடி திறக்கும். அவருக்கு இந்தக் குக்கர் கதை பிடித்துப்போயிற்று. சிரித்தார்.

கிளம்பும்போது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்துபோனாலும் பாட்டரியில் வீட்டுக்கு வந்துவிடலாம், இல்லையா?"

நான் அப்படியே நிற்பதைப் பார்த்து அவர் கேள்வியை இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்திருப்பார். "உங்கள் வண்டி ஒருவேளை போகலாம். ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்" என்று ஒரு வழியாகச் சொன்னேன். அதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். "எழுதியெல்லாம் தர வேண்டுமா?" என்று ஆச்சரியப்பட்டார்.

அப்பாவுக்கு அப்படி ஆகி அந்தச் செவ்வாய்க்கிழமையோடு சரியாக மூன்று வருஷம்.

2

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம். விழுப்புரத்தில் ஐ.டி.ஐ. படித்தேன். தினமும் காலை பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போய், கையில் கிரீஸோடு திரும்புவேன். பிறகு துபாய், அங்கிருந்து இங்கே. அம்மா நான் துபாயில் இருந்தபோதே போய்விட்டார்.

அப்பா அந்தோணிசாமி கமிட்டியில் மூட்டை தூக்கியவர். விளைபொருள் ஏலம் போடுகிற மார்க்கெட் கமிட்டியை ஊரில் சும்மா கமிட்டி என்போம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஆனால் குரல் மட்டும் இறங்கியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் படிக்க எங்கள் மாதா கோவிலில் எத்தனையோ வாத்தியார்கள் இருந்தும் பங்குச் சாமியார் அப்பாவைத்தான் கூப்பிடுவார். மைக் வேலை செய்யாத நாளில் கடைசி வரிசைக்கும் கேட்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு. கடினமான பெயர்களைச் சனிக்கிழமையே சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

அண்ணன் சவரி அங்கேயே இருந்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக டாக்ஸி வைக்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு செகண்ட் ஹாண்ட் ஹைபிரிட் கார் விலைக்கு வந்தது. எனக்கு போட்டோ அனுப்பினார். நான்தான் "தைரியமா வாங்கு" என்றேன். கொஞ்ச நஞ்சமல்ல, ஒரு வாரம் விடாமல் சொன்னேன். தெரிந்தவன் என்ற பெருமை. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டுப் போகிறார்கள், அண்ணனுக்கு நான் சொல்ல மாட்டேனா என்ற பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்த பேச்சு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அதெப்படிடா ஒரே வண்டில ரெண்டு எஞ்சினு?"

"எஞ்சின் ஒண்ணுதாண்ணா. இன்னொண்ணு மோட்டாரு. சிக்னல்ல நிக்கிறேன்னு வையி, எஞ்சின் ஆஃப் ஆயிடும். பெட்ரோல் பம்ப்பும் நின்னுடும். ஒரு சொட்டு எறங்காது. கெளம்பறப்ப மோட்டார் இழுக்கும். வேகம் எடுத்தா எஞ்சின் வந்து சேந்துக்கும்."

"அப்ப இத்த சார்ஜில போட வேணாமா?"

"வேணாம். எஞ்சின் ஓடறப்பவே பாட்டரிக்கு ஏத்திக்கினு இருக்கும். பிரேக் புடிச்சாக்கூட ஏத்தும்."

"அப்ப பெட்ரோலு தீந்துட்டா?"

"தீந்தா இன்னா? கரண்ட்ல ஓடும்ணா!"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் ஞாபகம் இருக்கிறது.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அந்த வகை வண்டியில் பாட்டரி சின்னது. பெட்ரோல் தீர்ந்தால் மெதுவான வேகத்தில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் போகும். அதற்குள் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பாட்டரியும் வடிந்துவிடும். அப்புறம் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. ஏனென்றால் மற்ற கார்களில் இருக்கிற மாதிரி தனி செல்ஃப் மோட்டார் இதில் கிடையாது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புவதே அந்தப் பெரிய பாட்டரிதான். ஒர்க்‌ஷாப்பில் ஆங்கிலத்தில் பேசும்போது இதற்கு நொண்டிக்கொண்டு போவது என்ற அர்த்தத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அண்ணனிடம் ஊர்ப் பேச்சில் சொல்லும்போது என் வாயில் வந்தது "ஓடும்". வெளிநாடு வந்து தமிழ் குறைந்துபோனவர்களைக் கேலி செய்கிறவன் நான். எனக்குத் தமிழ் தெரியாமல் போகவில்லை. அந்த நிமிஷத்தில் அதைச் சரியாகச் சொல்ல அக்கறை இல்லாமல் போயிற்று.

3

அண்ணன் வண்டியை வாங்கி, மஞ்சள் போர்டு மாற்றி ஓட்டினார். எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கும் பாண்டிச்சேரிக்கும் சவாரி. "சத்தமே இல்ல, தூங்கிடறாங்க" என்று பெருமையாகச் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா விடியும்போதே கை மரத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறார். எட்டரை மணிக்கு அண்ணி ஜெயசீலி கேப்பைக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தார். டம்ளர் கையில் நிற்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். பார்த்தவுடன், "இது ஸ்ட்ரோக்கு, முண்டியம்பாக்கம் தூக்கினு போயிடுங்க, அங்கதான் உடனே ஸ்கேன் பாப்பாங்க. நான் 108-க்குப் போடறேன்" என்றார்.

"அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்கா, வாசல்லயே வண்டி நிக்குது" என்று அண்ணன் அப்பாவைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார். அண்ணி அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

பெட்ரோல் லைட் முந்தின நாளிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. மதுராந்தகத்துக்கு இந்தப் பக்கம் எரிய ஆரம்பித்ததாம். அதற்கப்புறமும் ஒரு பாண்டிச்சேரி சவாரி போய் வந்திருக்கிறார்.

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கத்துக்கு அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். கூட்டேரிப்பட்டு தாண்டி எஞ்சின் அடங்கியது. வண்டி நிற்கவில்லை, போய்க்கொண்டேதான் இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. இரண்டு கிலோமீட்டர் கழித்து மூச்சு வாங்கி, ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டது. விக்கிரவாண்டி கூட வரவில்லை.

அண்ணன் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

இங்கே அப்போது பிற்பகல் நாலு மணி வாக்கில் இருக்கும். நான் பாட்டரி வேலைக்கான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வண்டிக்கு அடியில் இருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. நாலாவது முறை எடுத்தேன்.

"அமலு, வண்டி நின்னுப்போச்சுடா."

"இன்னாண்ணா காட்டுது ஸ்கிரீன்ல?"

"இங்கிலீஷ்ல இன்னாமோ வருது."

"எழுத்து எழுத்தாப் படி."

அவர் படித்தார். எச், ஒய், பி என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் நடுநடுவே நிறுத்தி, முக்கோணம் சிவப்பா மஞ்சளா, பாட்டரி படத்தில் எத்தனை கோடு இருக்கிறது, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாயா என்று வரிசையாகக் கேட்டேன். கஸ்டமரிடம் கேட்கிற அதே வரிசை. நிதானமாகக் கேட்டேன். நிதானத்துக்காக என் முதலாளி என்னைப் பாராட்டியிருக்கிறார். ஐந்து நிமிஷமாவது போயிருக்கும். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "மாமா, கண்ணத் தொறங்க, மாமா..."

"யாருண்ணா வண்டில?"

"அப்பாடா. அப்பாவுக்கு வாய் இழுத்துக்கிச்சுடா."

அப்போதுதான் நான் கத்தினேன். "வண்டிய உட்டுட்டு எதையாவது கை காட்டி நிறுத்துண்ணா! ஜல்தி!"

ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலேயே அதைச் சொல்லியிருக்கலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

வண்டிகள் பறக்கிற சாலையில் லேசில் எவரும் நிறுத்தவில்லை. கடைசியில் தண்ணீர் கேன் ஏற்றிப்போன ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தினார். பாதி கேனை ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, அப்பாவைக் கேன்களுக்கு நடுவில் படுக்கப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்த்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வண்டி நின்றதிலிருந்து கிளம்பும் வரை முக்கால் மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு ஒரு நேரக் கணக்கு உண்டாம். கை மரத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் அது சற்று முன்புதான் தாண்டியிருந்தது. ஒரு சின்ன வயது டாக்டர் அண்ணனிடம், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்ங்க" என்று வருத்தத்தோடு சொன்னாராம்.

அப்பா பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

4

அன்று மாலை அண்ணன் மறுபடியும் பேசினார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். "பெட்ரோல் போட மறந்துட்டேன்டா. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

மறந்துட்டேன். அந்த வார்த்தையை அவர் எல்லோரிடமும் சொன்னார். அத்தையிடம் சொன்னார், சாமியாரிடம் சொன்னார், பார்க்க வந்த கமிட்டிக்காரர்களிடம் சொன்னார். "பத்து வருஷமா வேன் ஓட்றவன் பெட்ரோல் பாக்க மாட்டியா?" என்று பெரியவர்கள் திட்டியபோது தலையைக் குனிந்துகொண்டு கேட்டாராம். சித்தப்பா ஒருவர் எனக்கே போன் செய்து, "உங்க அண்ணன் இப்பிடிப் பண்ணிட்டானேப்பா, வயசான மனுசனை ரோட்ல போட்டுட்டானே" என்று அழுதார்.

நான் என்ன சொன்னேன்? "இன்னா பண்றது சித்தப்பா, நேரம்" என்றேன்.

மூன்று வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருப்பது இந்த வரிதான். வண்டி நின்றதற்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். "ஓடும்னு சொன்னது நான்தான் சித்தப்பா" என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். சொல்லவில்லை. அண்ணன் உண்மையிலேயே மறந்திருக்கலாம், என் வார்த்தை அவர் மனதில் இருந்திருக்காது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். நேரில் கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

ஊருக்கும் போகவில்லை. முதல் வருஷம் லீவு இல்லை என்றேன். பாதி உண்மை. அடுத்த வருஷம் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. வெளியே இருக்கும் நாட்களைக் கணக்கில் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது? அரசாங்கத் தாள்கள் பல வகையில் உதவும். ஒளிந்துகொள்ளவும் உதவும் என்று நான் கண்டுகொண்டேன்.

போவதற்குப் பதிலாக அப்பாவை இங்கே அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன். இங்கே நல்ல பேச்சுப் பயிற்சி கிடைக்கும் என்றேன். அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழைய கையெழுத்து வலது கையால் போட்டது. இப்போது இடது கையால் அவர் போட்டது ஒரு கோழி கிளறிய மாதிரி இருந்தது. பொருந்தவில்லை என்று தாள் திரும்பி வந்தது. கட்டைவிரல் ரேகை, டாக்டர் சான்று, மறுபடியும் தாள். அண்ணன் அப்பாவை வாடகை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு அலைந்தார். சொந்தக் கார் வீட்டில் நிற்க, ஏன் ஆட்டோ என்று நான் கேட்கவில்லை. கடைசியில் விசா பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரர் தன் தேவைகளைப் பேச்சால் தெரிவிக்க முடியுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன். அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா வருவார். சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நிமிஷத்தில் அண்ணன் போனைத் திருப்பிக்கொள்வார். என் மகள் ஷெரினுக்கு அப்போது பதினோரு வயது. இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தாத்தாவோடு அவளுக்கு இருந்த பேச்சே "சாப்டியா, படிக்கிறியா" என்று அவர் கேட்பதும் இவள் தலையாட்டுவதும்தான். அதுவும் நின்றுபோன பிறகு ஒரு நாள், அபூர்வமாகத் தமிழில் என்னைக் கேட்டாள்.

"அப்பா, தாத்தாவுக்குப் பேச்சு தீர்ந்துபோச்சா?"

நின்றுபோச்சா என்று கேட்க நினைத்திருப்பாள். தீர்ந்துபோச்சு என்ற வார்த்தையை அவள் எங்கே கேட்டிருப்பாள்? எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் அந்த வார்த்தை எத்தனை முறை புழங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவளைத் திருத்தவில்லை.

5

போன கிறிஸ்துமஸுக்குத்தான் போனோம். அதுவும் என் மனைவி எனக்குச் சொல்லாமலேயே டிக்கெட் எடுத்துவிட்டதால். "உங்க பயத்துக்காக இவளும் தாத்தாவைப் பார்க்காமப் போகணுமா?" என்றாள். எதற்குப் பயம் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் கேட்டதும் இல்லை.

அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். நான் குனிந்ததும் இடது கையால் என் காதைப் பிடித்தார்.

"எப்படி இருக்கறப்பா?" என்றேன்.

"ஆமா" என்றார்.

பேச்சு திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த ஒரு வார்த்தை மட்டும் ஆறு மாசமா வருதுடா. எது கேட்டாலும் அதான் சொல்றாரு. நீ வந்து நேர்ல பாத்துக்கோன்னுதான் போன்ல சொல்லல, வீடியோலயும் அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள போனைத் திருப்பிக்குவேன்."

கோவில் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் அப்படியேதான் இருந்தது. அதில் மிஞ்சியது ஒரே சொல்.

விசித்திரம் என்னவென்றால் ஷெரினுக்கும் அவருக்கும் அந்த மூன்று வாரமும் பேச்சு ஓயவில்லை. அவள் ஆங்கிலத்தில் பள்ளிக்கூடக் கதை முழுக்கச் சொல்வாள். தோழிகளோடு சண்டை, கணக்கு டீச்சர், எல்லாம். சரியான இடங்களில் அவர் "ஆமா" என்பார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களோடு பேசாத பெண் அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி அந்தக் கார் நின்றது. சம்பவத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து ஆள் வந்து பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதை ஒரே ஒரு முறை ஓட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி. திரும்பவும் பள்ளிக்கூட வேனுக்கே போய்விட்டார். விற்கவும் இல்லை.

மூன்றாம் நாள் நான் தார்ப்பாயை எடுத்தேன். சென்னையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சார்ஜர் வாங்கி வந்தேன். முதல் வேலையாக டேங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்த பெட்ரோல். பெட்ரோல் வாசனையே போய், வார்னிஷ் நாற்றம் அடித்தது. அண்ணன் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். கை வேலையாக இருந்ததால் எனக்கு வாய் திறந்தது.

"அண்ணா, அன்னிக்கி நீ மறக்கலதானே?"

"மறந்துட்டேன்டா. எத்தினி வாட்டி சொல்றது?"

"பெட்ரோல் தீந்தாலும் கரண்ட்ல ஓடும்னு நான் சொன்னேன்ல?"

அவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பங்க்ல மூணு லாரி நின்னுக்கினு இருந்துச்சு" என்றார் மெதுவாக. "நான் ஸ்லோ பண்ணேன். உங்க அண்ணி கூட சொன்னா, ரெண்டு லிட்டர் ஊத்திக்கலாம்ங்கன்னு. ஓடும்னு தம்பி சொல்லியிருக்கான்னு சொல்லி நான்தான் நேரா எடுத்துட்டேன்."

"அப்ப அண்ணிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தினி நாளா ஏண்ணா சொல்லல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? சொன்னா நீ ஊர்ப் பக்கமே வரமாட்டன்னு நெனச்சேன்." கேனைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சொல்லாதப்பவே நீ ரெண்டு வருஷமா வரல."

நான் அவர் காலைத் தொடப் போனேன். தள்ளிவிட்டார். கோபமாகவே தள்ளினார். "எல்லாரும் என்னியத் திட்டறப்போ, என் தம்பி ஒரு நாளு போன் பண்ணி, அண்ணன் மேல தப்பு இல்லன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லுவான்னு பாத்தேன்டா. சித்தப்பாகிட்ட நீ பேசினன்னு கேட்டப்போ சொல்லியிருப்பன்னே நெனச்சேன்." எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் நான் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சாமியாரிடமும் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. "அதான் முடிஞ்சுபோச்சேப்பா, இன்னாத்துக்கு இப்போ" என்றார் சித்தப்பா. அண்ணன் மேல் ஒட்டிய பெயர் அதனால் பெரிதாக உதிர்ந்துவிடவும் இல்லை. காரை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தேன். சாவியை வாங்கிக்கொண்ட அண்ணன், "பாக்கலாம்" என்றார். இப்போது வாரம் ஒரு முறை எடுக்கிறாராம், அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேசுகிறார். முன்பு மாதிரி இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.

கிளம்புகிற நாள் பகலில் வீட்டில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கி நடு ரோட்ல வண்டி நின்னது அண்ணனால இல்ல. என்னாலதான். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். எதைக் கேட்டாலும் உடனே சொல்கிறவர், அன்றைக்குக் கொஞ்சம் தாமதித்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஆமா" என்றார்.

"என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன்.

அதற்கும் "ஆமா" என்றார்.

இங்கே திரும்பி எட்டு மாதமாகிறது. முதலில் சொன்ன ஆமாவை நான் நம்புகிறேன். இரண்டாவதை நம்ப இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.